மழை லில்லியில் புது நிறம்: வெள்ளை தாய், மஞ்சள் தகப்பன்

பூங்கொத்தில் வரும் பெரிய வாசனை லில்லியைத் திருகோணமலையில் வளர்க்கப் பார்த்து மனம் சோராதீர்கள். அதன் கிழங்குக்குக் குளிர்காலம் வேண்டும், அது நமக்குக் கிடையாது. விதையிலிருந்து புது நிறம் எடுக்க ஆசையென்றால் மழை லில்லிதான் சரி. நம் வெயிலைத் தாங்கும், விதை போட்டு ஒன்றிரண்டு வருடத்தில் பூத்தும்விடும். கிழங்கு நடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் நேரே கலப்புக்கு வருகிறேன்.

முதலில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகப் பூக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரண்டு சட்டிகளையும் தாழ்வாரத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரம் தண்ணீர் விடாமல் காய விடுங்கள். அப்புறம் ஒரே நாளில் இரண்டையும் நன்றாக நனையுங்கள். சில நாட்களில் மொட்டுகள் கிளம்பும். மாரி தொடங்கிவிட்டால் இது நம் கையில் இல்லை.

இனி, எது தாய்? பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். மஞ்சள் மழை லில்லி விதையை வாரி வழங்கும். அதைப் பார்த்து அதையே தாயாக வைத்தால், எந்த நிற மகரந்தத்தைத் தூவினாலும் பிள்ளைகள் எல்லாம் மஞ்சளாகவே வரும். அந்த விதைக்குள் தகப்பனின் குணம் போவதே இல்லை, தாயின் அச்சாகவே உருவாகிறது. தாவரவியலில் இதை அப்போமிக்சிஸ் என்பார்கள். ஆனால் அதே மஞ்சளின் மகரந்தம் நன்றாக வேலை செய்யும். ஆகவே வெள்ளையைத் தாயாகவும் மஞ்சளைத் தகப்பனாகவும் வையுங்கள். 'அஜாக்ஸ்' என்ற பழைய இளமஞ்சள் கலப்பினம் இந்த ஜோடிக்குப் பிறந்ததுதான். பெரிய இளஞ்சிவப்புப் பூவைத் தாயாக்க வேண்டாம், அது பெரும்பாலும் விதை கட்டாது.

காலையில் வெள்ளை மொட்டு விரியும் முன்பே இதழ்களை மெல்லப் பிரித்து, உள்ளே இருக்கும் 6 மகரந்தப்பைகளையும் வெடிக்கும் முன் எடுத்துவிடுங்கள். ஒன்றை விட்டாலும் பூ தன் மகரந்தத்திலேயே விதை கட்டிவிடலாம். புருவ முடி பிடுங்கும் இடுக்கி இதற்குப் போதும். வெயில் ஏறியதும் மஞ்சள் பூவின் மகரந்தப்பை ஒன்றை அதே இடுக்கியால் பிடித்து, வெள்ளையின் சூலகமுடியில், அதாவது பூவின் நடுவே நீளும் தண்டின் நுனியில், தடவுங்கள். தூரிகை எனக்குப் பிடிக்காது, பழைய மகரந்தம் மயிரில் ஒட்டியிருந்து அடுத்த கலப்பில் கலந்துவிடும். காம்பில் ஒரு நிற நூலைக் கட்டி, ஜோடியின் பெயரைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை நம் வெயிலில் மங்கிவிடும்.

சுமார் மூன்று வாரத்தில் காய் மஞ்சளாகி வெடிக்கும். அதற்கு முன்பே நுளம்பு வலைத் துண்டால் காயை மூடிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் விதை காற்றோடு போய்விடும். கறுப்பு விதையில் நடுவே சற்றுத் தடித்திருப்பதே முளைக்கும், வெறும் கடதாசி போல் இருப்பதை விட்டுவிடுங்கள். விதையைச் சேமித்து வைக்காதீர்கள், முளைக்கும் திறன் சீக்கிரம் குறையும். அந்த வாரமே போடுங்கள்.

சிலர் விதையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு முளைக்க வைக்கிறார்கள். அதுவும் பலிக்கும். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிட ஒரு கோப்பைத் தண்ணீரே போதும் என்பதால் எனக்கு மண்தான். அடியில் துளையிட்ட யோகட் கோப்பையில் பாதி ஆற்றுமணல், மீதி கொம்போஸ்ட்டும் தும்புத்தூளும். விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் தூவி நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் புல் போல முளைக்கும்.

பின்னர் சேர்த்தது: நிலாவெளிப் பக்கம் ஒரு வாசகிக்கு நாற்றுகளின் நுனி கருகி ஒவ்வொன்றாகச் செத்தன. கேட்டுப் பார்த்ததில் கிணற்றுத் தண்ணீர் உவர். கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் நாற்றுப் பருவத்தில் மழைத்தண்ணீரை மூடிய வாளியில் பிடித்து வைத்து ஊற்றுங்கள். கடல் மணலைக் கழுவிப் போடலாமா என்றும் கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா, உப்பு முழுதாகப் போயிற்றா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆற்றுமணலே வாங்குங்கள்.