கொடைக்கானலுக்கு மேற்கே மிதிவண்டியில்: தாயகம் வருவோருக்கு

கொடைக்கானலுக்கு வந்துபோன வெளிநாட்டுத் தமிழர்களிடம் அந்த ஊரைப் பற்றிக் கேட்டால், ஏரிக்கரையின் நெரிசலையும் மலைப்பாதையில் காருக்குள் காத்துக் கிடந்த நேரத்தையும்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆயினும் அதே ஊரிலிருந்து மேற்கே, உள்ளூரில் மேல்மலை என்று அழைக்கப்படும் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை ஆகிய கிராமங்களை நோக்கிச் செல்லும் சாலையில், செவ்வாய் புதன் போன்ற ஒரு வார நாளில் விடிந்த கையோடு மிதிவண்டியில் புறப்படுபவர், பைன் மரங்களுக்கும் சோலைக்காட்டுக்கும் இடையே பல கிலோமீட்டர் தூரம் ஒரு காய்கறி வண்டியையும் ஒரு அரசுப் பேருந்தையும் தவிர வேறெதையும் காணாமல் செல்ல முடியும். அதே சாலையில் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்குச் சென்றால், பூம்பாறை காட்சிமுனை வரை சுற்றுலா வேன்களின் பின்னால் புகையைச் சுவாசித்துக்கொண்டுதான் மிதிக்க வேண்டியிருக்கும். ஆகவே வழியைத் தேர்வதற்கு முன்பாக நாளையும் நேரத்தையும் தேர்ந்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு விடுமுறை கிடைப்பது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அல்லது டிசம்பரில்தான். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மேகமும் தூறலும் இருக்கும். பிற்பகலில் மழை பெய்யலாம். ஆனாலும் காலை நேரம் பெரும்பாலும் வண்டி ஓட்டத் தக்கதாகவே அமையும். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், மண் சரிந்து பாதை அடைபடும் நாட்களும் உண்டு. கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரையிலான நாட்களில் வானம் தெளிந்திருந்தாலும் ஊர் நிரம்பி வழியும். அதிகாலைக் குளிரும் கையுறை இல்லாமல் பிரேக்கைப் பிடிக்க முடியாத அளவுக்கு இருக்கும். என்னைக் கேட்டால், பொங்கல் கூட்டம் இறங்கிய பின் வரும் ஜனவரி இறுதியும் பிப்ரவரியும்தான் சிறந்தவை. ஏப்ரல், மே மாதங்களை மிதிவண்டிக்காரர்கள் மறந்துவிடலாம்.

மலையேறுவதற்கு இரண்டு முக்கியப் பாதைகள் உள்ளன. வத்தலக்குண்டிலிருந்து வருவது அகலமானது, ஆனால் பெரும்பாலான வாகனங்கள் அதில்தான் வருகின்றன. பழனியிலிருந்து ஏறும் பாதை ஏறத்தாழ 64 கிலோமீட்டர் நீளமும் ஏராளமான கொண்டை ஊசி வளைவுகளும் கொண்டது. சுமார் 1,800 மீட்டர் உயரத்தை அதில் ஏறிக் கடக்க வேண்டும். ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் மிதித்துப் பழகியவர்களுக்கு இது ஒரு நாள் வேலை. மற்றவர்கள் மிதிவண்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து கொடைக்கானலிலிருந்து தொடங்குவதே நல்லது. அப்படிக் காரில் வருவோர், 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் என்னும் வாகன நுழைவு அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டுக் கைப்பேசி எண் உள்ளவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு பதிவு செய்யலாம். அரசுப் பேருந்தில் வருவோருக்கு இந்தக் கவலை இல்லை.

ஏரியைச் சுற்றி வாடகைக்குக் கிடைக்கும் மிதிவண்டிகள் அந்த ஐந்து கிலோமீட்டர் சுற்றுக்கு மட்டுமே உகந்தவை. அவற்றை மேல்மலைக்குக் கொண்டு செல்ல எண்ண வேண்டாம். சொந்த வண்டியைக் கொண்டு வருவோர் 32 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள டயரும், மிகச் சிறிய கியரும், புதிய பிரேக் கட்டைகளும் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு கொண்ட டியூப் இந்த மலையில் கிடைக்கும் என்று நம்பி வர வேண்டாம். இரண்டு உதிரி டியூப்கள், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், கைப்பம்பு, சங்கிலி இணைப்பு ஒன்று ஆகியவை பையில் இருக்கட்டும். ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறியும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு இங்கே தடை இருப்பதால், நிரப்பிக்கொள்ளும் பாட்டில்களோடு வருவதே முறை. நம்மிடம் எப்படியும் அவைதானே இருக்கின்றன.

இனி வழிக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரியிலிருந்து சாலை முதலில் மேல்நோக்கிச் சென்று, பிறகு காட்டு வழியே இறங்கத் தொடங்குகிறது. பதினெட்டாவது கிலோமீட்டரை ஒட்டி மரங்கள் விலகி, படிப்படியாக வெட்டிய வயல்களுக்கு நடுவே பூம்பாறை தெரியும். அறுவடைக் காலத்தில் அங்கே நின்றால், கண்ணுக்கு முன்னரே மூக்குக்கு ஊர் தெரிந்துவிடும். தாளோடு பிடுங்கிய பூண்டை முடிச்சு முடிச்சாகக் கட்டி வீட்டுத் திண்ணைகளிலும் கூரையின் கீழும் தொங்கவிட்டிருப்பார்கள். இந்தக் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. மூலவர், சித்தர் போகர் ஒன்பது நச்சுப் பொருள்களைச் சேர்த்துச் செய்த நவபாஷாணச் சிலை என்பது மரபாக வரும் நம்பிக்கை. இறுக்கமான மிதிவண்டி உடையோடு உள்ளே நுழையாமல், பையில் ஒரு வேட்டியோ தளர்ந்த கால்சட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். வேட்டி இறக்கத்தில் கழுத்தைச் சுற்றிக்கொள்ளவும் உதவும் என்பது என் அனுபவம்.

பூம்பாறையைத் தாண்டியதும் போக்குவரத்து சட்டென்று குறையும். குக்கலுக்குப் பிரியும் கிளைவழியில் ஏரி ஒன்றும் அதைச் சார்ந்த சோலைக்காடும் உள்ளன; மழைக்காலமானால் அட்டைகளும் உண்டு. நேரே சென்றால் கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் மன்னவனூர். புல் மேடுகள் சூழ்ந்த ஏரியும், வனத்துறையின் சூழல் சுற்றுலா இடமும், மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையமும் அங்கே இருக்கின்றன. பரிசலில் ஏறுவது அவரவர் விருப்பம். நான் ஏரிக்கு மேலுள்ள புல்வெளியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டுத் திரும்புவதோடு சரி. இன்னும் வலுவுள்ளவர்கள் கவுஞ்சி வழியாகக் கிளாவரை வரை செல்லலாம். அத்துடன் சாலை முடிகிறது. அப்பால் கேரளம் இருப்பதாக வரைபடம் காட்டினாலும், காட்டுவழியே எல்லை கடக்க முயல வேண்டாம். பேரிஜம் ஏரிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்த வழியே மூணாறுக்குச் சென்ற பழைய சாலை 1990ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது. ஏரி வரை செல்ல வனத்துறை நாள்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வாகனங்களுக்கே அனுமதி தருகிறது. அதை ஜீப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வழியில் முதல்முறை வருபவர் செய்யும் பிழையை நானும் செய்தேன். போகும்போது பூம்பாறை வரை பெரும்பாலும் இறக்கம் என்பதால் கால்கள் வலியின்றி இருந்தன. மன்னவனூரை எட்டியபோது மணி பத்துகூட ஆகவில்லை. அந்த மிதப்பில் ஏரிக்கரையில் மூன்று மணி நேரத்தைக் கழித்துவிட்டுத் திரும்பினேன். பூம்பாறைக்கு மேல் ஏற்றம் தொடங்கிய இடத்தில் தண்ணீர் தீர்ந்தது. அதற்கடுத்த வளைவில் மேகம் சாலைக்கு இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வண்டியில் பின்விளக்கும் இல்லை. பின்னால் வந்த காய்கறி வண்டியின் ஓட்டுநர் நிறுத்தி, "மேகம் எறங்கிருச்சு சார், லாரிக்காரனுக்கு உங்களத் தெரியாது, ஏறுங்க" என்றார். கேரட் மூட்டைகளின் மேல் மிதிவண்டியைக் கிடத்திக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். அன்று முதல், நண்பகலுக்குள் பூம்பாறை ஏற்றத்தை முடித்துவிட வேண்டும் என்பதையும், பகலிலும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பதையும் நான் மீறியதில்லை. ஏறும் கால்களைத் திரும்பும் வழிக்கென்று சேமித்து வையுங்கள்.

விலங்குகளில் கவனிக்க வேண்டியது காட்டுமாடு. கருத்த பெரிய உடலும், வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற கால்களும் கொண்ட அது, கொடைக்கானல் நகருக்குள்ளேயே பழக்கமான பசுவைப் போல நடந்துபோகும். அந்தச் சாந்தத்தை நம்பி அருகில் செல்லக் கூடாது. சாலையில் நின்றால் தொலைவிலேயே இறங்கி, மணியடிக்காமல், படம் எடுக்க நெருங்காமல், அது விலகும் வரை காத்திருக்க வேண்டும். கன்றோடு இருந்தால் பின்வாங்கிவிடுவதே முறை. கிராமத்து நாய்கள் துரத்தினால் வேகத்தைக் கூட்டாமல் இறங்கி, மிதிவண்டியை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் ஆர்வம் இழந்துவிடும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் புறப்படும் முன்னரே போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கனடா, பிரான்ஸ், நார்வே போன்ற நாடுகளிலிருந்து வருவோர் இடப்பக்கம் ஓட்டுவதை முதல் நாள் ஏரிச் சாலையில் பழகிக்கொள்ளட்டும். இங்கே ஒலிக்கும் ஹாரன் பெரும்பாலும் கோபத்தால் எழுவதன்று. பின்னால் வருகிறேன் என்ற அறிவிப்பே அது. பேருந்துக்குக் குறுகிய வளைவில் முழுச் சாலையும் தேவைப்படும் என்பதால், அதன் சத்தம் கேட்டவுடன் ஓரமாக நின்றுவிடுங்கள். மேல்மலையில் கைப்பேசிச் சமிக்ஞை பல இடங்களில் கிடைக்காது. எங்கே செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அவசர ஊர்திக்கு எண் 108. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களின் விவரத்தைத் தங்குமிடத்தார் இணையம் வழியாக அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதால், கிராமத்தில் சிறிய வீட்டில் தங்க விரும்புவோர் அவர்களுக்கு அந்த வசதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழில் பேசுவதால் மட்டும் விதி தளராது.

உணவைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து ஆற்றல் பசைகளை (எனர்ஜி ஜெல்) சுமந்து வருவோரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. மலையடிவாரத்துப் பழனியில், வாழைப்பழம், பேரீச்சை, சர்க்கரை, நெய், தேன் சேர்ந்த பஞ்சாமிர்தம் டப்பாவில் கிடைக்கிறது. ஏற்றத்தின் நடுவில் இரண்டு கரண்டி போதும். கையில் ஒட்டாமல் தின்ன விரும்புவோருக்கு இந்த மலைத்தொடரின் விருப்பாட்சி மலைவாழைப்பழம் இருக்கிறது.

ஓய்வு நாளில், நகரை ஒட்டியுள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு மெல்ல மிதித்துச் சென்று வரலாம். 1936ஆம் ஆண்டு அதைக் கட்டுவித்தவர், இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் என்பதை, யாழ்ப்பாணத்து வேர் கொண்டவர்கள் அங்கே போய்த்தான் பெரும்பாலும் அறிகிறார்கள். மேகமற்ற காலையில் அங்கிருந்து பழனி மலை தெரியும். கோயிலுக்குப் பெயர் தந்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பது. 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030. பூவைப் பார்க்க அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் வருவோர் மிதிவண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் வருவது நல்லது.