பாட்டிமார் வந்து இறங்குவதற்கு முன்

என் அத்தை (வீட்டுக்காரரின் அம்மா) பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கியபோது பை நிறைய நல்லெண்ணெய், வசம்பு, சாம்பிராணி. கிள்ளானிலிருந்து என் அம்மா முன்பே வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டார். செந்தூல் அடுக்குமாடி வீட்டில் பிள்ளைக்கு அன்று நான்காம் நாள். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

அவரவர் அம்மாவிடம் அவரவர்தான் பேச வேண்டும். மருமகள் வாயிலிருந்து வந்தால் சாதாரணப் பேச்சுகூட எதிர்ப்பேச்சாகிவிடும். "நீயே பக்குவமாச் சொல்லேன்" என்று என் வீட்டுக்காரர் நழுவப் பார்த்தார், நான் விடவில்லை. மலேசியாவில் தனியார் வேலையில் இருக்கும் அப்பாக்களுக்கு 2023 முதல் சட்டப்படி 7 நாள் லீவு உண்டு, அதற்குள் பேசி முடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் எதில் விட்டுக்கொடுப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். திருஷ்டி சுற்றுவது, உள்ளங்காலில் மைப் பொட்டு, பத்தியச் சாப்பாடு எல்லாம் நடக்கட்டும் (பூண்டுக் குழம்பு எனக்குப் பிடித்தே போய்விட்டது). பிள்ளையின் வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் போவதில் மட்டும் அசையாதீர்கள். 6 மாதம் வரை பால்தான், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும், அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். ஏர்கோன் போட்டு மூடிய அறையில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்குச் சமையலறையில் அத்தை ஒரு கையில் பிள்ளை, கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணி, விரலை நனைத்து உதட்டருகே கொண்டுபோகிறார். கத்தத்தான் வாய் வந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு, "பால் கட்டிக்கிச்சு அத்தை, முதுகைக் கொஞ்சம் தேய்ச்சு விடுங்களேன்" என்றேன். கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தேய்த்துக்கொண்டே சொன்னார், எஸ்டேட்டில் மூத்த பிள்ளைக்குப் பால் பத்தவில்லையாம், கேட்கவும் ஆள் இல்லையாம், சர்க்கரைத் தண்ணியில்தான் ராத்திரியை ஓட்டினாராம். மறுநாள் அந்தக் கிண்ணம் வெளியே வரவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரும் கிளினிக் மிஸ்ஸியை (நர்ஸை) நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பிள்ளை உடம்பில் மஞ்சள் தெரிந்தது, இளவெயிலில் காட்டினால் இறங்கிவிடும் என்று இரண்டு பாட்டிகளும் அதிசயமாக ஒரே குரலில் சொன்னார்கள். ரத்தம் எடுத்துப் பார்க்காமல் முடியாது என்று நாங்கள் பத்து முறை சொன்னது ஏறவில்லை, மிஸ்ஸி ஒரு முறை சொன்னதும் அம்மாவே கிளம்பி கார் கதவைத் திறந்து நின்றார்.

வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுங்கள், சும்மா இருந்தால்தான் குறை கண்ணில் படும். எங்கள் வீட்டில் சமையல் அம்மாவுக்கு, குளிப்பாட்டுவது அத்தைக்கு. தண்ணீர்ச் சூட்டை முழங்கையை விட்டுப் பார்ப்பதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். குளிப்பாட்டும்போது மூக்கு எடுப்பாக வரவேண்டும் என்று பிடித்து இழுத்துவிடுவதை மட்டும் என்னால் இன்னும் நிறுத்த முடியவில்லை.