கத்தரி வைப்பதற்கு முன்: சிறு எண்ணிக்கையில் ஆடை தைக்கக் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த ஆண்டு சித்திரையில் இளம் வடிவமைப்பாளர் ஒருவர் 60 மீட்டர் கைத்தறித் துணியோடு எங்கள் தையல் யூனிட்டுக்கு வந்தார். நல்ல ஆழ்ந்த நீலம். யாராக இருந்தாலும் ஒரு முறை தடவிப் பார்க்கத் தோன்றும் துணி. 24 குர்தா, பத்து நாளில் வேண்டும் என்றார். “நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும் தம்பி” என்றேன். “நேரம் இல்லை அக்கா, சுருங்காது என்று நெய்தவரே சொல்லிவிட்டார்” என்றார். நானும் விட்டுக்கொடுத்தேன். அப்படி விட்டிருக்கக் கூடாது. வாங்கியவர்கள் முதல் முறை துவைத்ததுமே 42 அங்குல நீளம் 39½ ஆகிவிட்டது, கைகள் மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டன. 24-ல் 17 திரும்பி வந்தன.

நெய்தவர் பொய் சொல்லவில்லை. அவர் சேலை நெய்கிறவர். ஐந்தரை மீட்டர் சேலையில் ஒரு சாண் குறைந்தால் கொசுவத்தில் ஒரு மடிப்பு குறையும், அவ்வளவுதான். யாரும் கவனிக்க மாட்டார்கள். தைத்த சட்டையில் அரை அங்குலம் குறைந்தாலும் தோள் பிடிக்கும். ஒரே துணி, இரண்டு வேலை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்கியது நாங்கள்.

பாளையங்கோட்டைக்கு அருகில் ஒன்பது மெஷின்களோடு நடத்தும் யூனிட் எங்களுடையது. 20 பீஸ் முதல் 100 பீஸ் வரை, சொந்தமாகச் சிறிய அளவில் ஆடை வடிவமைத்து விற்பவர்களுக்காகத் தைக்கிறோம். இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தது இது: இவர்களுடைய பணம் பெரும்பாலும் மெஷின் ஓடத் தொடங்குவதற்கு முன்பே வீணாகிவிடுகிறது. துணி வாங்கும் கடையில், அளவு எழுதும் தாளில், வெட்டும் மேசையில். 3000 பீஸ் தைப்பவருக்கு 20 பீஸ் கெட்டால் அது கணக்கில் ஒரு வரி. 24 பீஸ் தைப்பவருக்கு நான்கு கெட்டாலே மொத்த லாபமும் போய்விடும். அதனால்தான் சிறு எண்ணிக்கைக்குப் பெரிய எண்ணிக்கையைவிட அதிகமான முன்வேலை வேண்டும் என்கிறேன். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

நனைக்காமல் வெட்டுவது

தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அந்த விறைப்பு துணியிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் பட்டவுடன் பருத்தி இழை ஊறிப் பருத்து, இழுத்து வைத்திருந்த நூல் தன் இயல்பான நிலைக்குத் திரும்புகிறது. இதுதான் சுருக்கம். பாவு வாக்கில் அதிகமாகவும் ஊடை வாக்கில், அதாவது குறுக்கு நூல் வாக்கில், குறைவாகவும் இருப்பதே வழக்கம். முன்பே சுருக்காத பருத்தித் துணி 3 முதல் 8 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம்.

சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. வாங்கிய துணியில் 60 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டுங்கள். அதற்குள் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வேறு நிற நூலால் தையல் போட்டுக் குறியுங்கள். பேனாக் கோடு துவைத்தால் போய்விடும். பாவு வாக்கு எது என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறியும் தைத்துவிடுங்கள். இரவு முழுவதும் வாளியில் ஊறட்டும். காலையில் வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே சோப்புப் போட்டுத் துவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். 50 இருந்த இடத்தில் 47 இருந்தால் சுருக்கம் 6 சதவீதம். 42 அங்குலக் குர்தாவில் அது இரண்டரை அங்குலம். எங்களுக்குத் திரும்பி வந்த குர்தாக்களின் கணக்கு சரியாக இதுதான். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பகலும் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தத் துண்டு ஈரமாக இருக்கும்போதே வெள்ளைக் கைக்குட்டை ஒன்றால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை வெள்ளைக் காலரோடோ வெளிர்நிறப் பட்டியோடோ சேர்த்துத் தைக்கக் கூடாது.

சுருக்கம் தெரிந்துவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. துணி முழுவதையும் நனைத்துச் சுருக்கிவிட்டு வெட்டலாம், அல்லது துணிமேல் வைத்து வெட்டும் அளவுத்தாளான பேட்டர்னையே அந்த அளவுக்குக் கூட்டி வெட்டலாம். கைத்தறி என்றால் முதல் வழியைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஒரே நெசவாளரின் இரண்டு கட்டுத் துணிகூட ஒரே அளவு சுருங்குவதில்லை. ஆனால் நனைத்த 60 மீட்டர் திரும்ப வரும்போது 56 மீட்டர் சொச்சம்தான் இருக்கும் என்பதை நினைவில் வைத்துத் துணியை வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் 60 மீட்டர் துணி உலர ஒரு வாரம்கூட ஆகலாம். தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடிச் சாரலிலும் இதே பாடுதான்.

மீட்டரை மட்டும் கேட்டு, அகலத்தை மறப்பது

“ஒரு குர்தாவுக்கு எத்தனை மீட்டர்?” என்று போனில் கேட்கிறார்கள். துணியின் பன்னா, அதாவது அகலம், தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. 44 அங்குலத் துணியில் இரண்டரை மீட்டர் எடுக்கும் குர்தா 58 அங்குலத் துணியில் இரண்டுக்கும் குறைவாக முடியலாம். கைத்தறியில் தொடக்கத்தில் ஓர் அகலம், கடைசியில் ஓர் அகலம் என்று அரை அங்குலம் வித்தியாசம் இருப்பதும் உண்டு. கட்டைப் பிரித்து மூன்று இடங்களில் அளந்து, குறைந்த அளவைக் கணக்கில் வையுங்கள்.

கட்டம், கோடு போட்ட துணி என்றால் பக்கத் தையலிலும் சட்டைப் பையிலும் கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும். அதற்குத் துணி கூடுதலாகச் செலவாகும். அதைவிடப் பலரும் ஏமாறுவது ஒருபக்கம் பார்த்த டிசைனில். செடி உருவங்கள் நெய்த வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தச் சேலையை வாங்கிக் குர்தாவாகவும் மேல்சட்டையாகவும் தைக்க விரும்புகிறவர்கள் வருகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான், நம் ஊர் நெசவு புது ஆட்களைச் சேர்கிறது. ஆனால் செடி என்றால் அதற்கு வேரும் தலையும் உண்டு. துணியை மிச்சம் பிடிக்கப் பேட்டர்னைத் திருப்பி வைத்து வெட்டினால் முன்பக்கம் செடி நிமிர்ந்தும் பின்பக்கம் தலைகீழாகவும் நிற்கும். அப்படி வெட்டியதை எந்தத் தையல்காரராலும் சரிசெய்ய முடியாது. கரை எங்கே வர வேண்டும், முந்தியை எதற்குப் பயன்படுத்துவது என்பதையும் சேலையைத் தரையில் விரித்து, பேட்டர்னை மேலே வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வரைபடத்தில் பார்த்து முடிவு செய்ய முடியாது.

கதைக்காகத் துணி வாங்குவதும் இப்போது கூடிவருகிறது. திருநெல்வேலிப் பருத்தி ஒரு காலத்தில் ‘டின்னவேலி’ என்ற பெயரிலேயே உலகச் சந்தையில் விலைபோனது. பாபநாசத்தில் ஹார்வி நூற்பு மில் எழுந்ததும் அந்தப் பருத்தியையும் தாமிரபரணியின் வேகத்தையும் நம்பித்தான். அந்தப் பெருமையில் இந்தப் பக்கத்து நாட்டு ரகமான கருங்கண்ணிப் பருத்தித் துணி கேட்டு வருகிறார்கள். கேளுங்கள், தைத்துத் தருகிறோம். ஆனால் கருங்கண்ணியின் இழை நீளம் குறைவு. தடித்த நூலாக நூற்பதுதான் அதன் இயல்பு. மேல்சட்டைக்கும் கனமான சட்டைக்கும் அருமையாக இருக்கும். சுருக்கங்கள் வைத்துக் காற்றில் அசையும் கவுன் தைத்தால் இடுப்பில் மூட்டையாக நிற்கும்.

எல்லா யூனிட்டும் எல்லாம் தைக்கும் என்று நினைப்பது

புதியம்புத்தூர் ரெடிமேடுக்குப் பேர்போன ஊர். ராஜபாளையத்துக்கு அருகில் உள்ள தளவாய்புரம் நைட்டிக்கு. திருப்பூர் பனியன் துணிக்கு. ஒவ்வோர் ஊரின் கையும் ஒன்றில் பழகியிருக்கிறது, மெஷினும் அதற்கேற்பவே வாங்கப்பட்டிருக்கிறது. நேர்த்தையல் மெஷினும் ஓவர்லாக்கும் மட்டும் உள்ள யூனிட்டில் டிஷர்ட் கொடுத்தால் அடிமடிப்பு அலையலையாக நிற்கும். அதற்கு இழுபடும் துணியை மடித்துத் தைக்கும் ஃப்ளாட்லாக் மெஷின் வேண்டும், பந்துமுனை ஊசி வேண்டும். யூனிட்டுக்குப் போனதும் விலை கேட்காதீர்கள். கடைசியாக என்ன தைத்தீர்கள் என்று கேட்டு அந்த உடுப்பை உள்புறம் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் எல்லாருமே அழகாகக் காட்டுவார்கள்.

‘38’ என்று மட்டும் எழுதுவது

எங்கள் மேசையில் அதிகச் சண்டை நடந்தது இந்த ஓர் எண்ணால்தான். 38 என்றால் அணிபவரின் மார்பளவா, தைத்து முடித்த உடுப்பின் மார்பளவா? உடம்பளவு என்றால் உடுப்பு 41 அல்லது 42 வர வேண்டும், மூச்சு விடவும் கையைத் தூக்கவும் அந்தத் தளர்வு தேவை. உடுப்பளவு என்றால் 34 அல்லது 35 மார்புள்ளவர்தான் போட முடியும். எழுதியவர் ஒன்று நினைக்கிறார், கட்டிங் மாஸ்டர் வேறொன்று நினைக்கிறார். இருவருமே தங்கள் வரையில் சரி.

ஆகவே முடிந்த உடுப்பின் அளவுகளை மட்டும் எழுதுங்கள், எங்கிருந்து எங்கே அளப்பது என்பதையும் படம் போட்டுக் காட்டுங்கள். ‘நீளம் 42’ போதாது. பின்கழுத்தின் நடுவிலிருந்தா, தோளின் உச்சியிலிருந்தா? இரண்டுக்கும் ஓர் அங்குலம் வித்தியாசம் வரும். வெளிநாட்டு இணையக் கடையின் அளவுப் பட்டியலை அப்படியே எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். உங்களிடம் வாங்கப் போகிறவர்களில் பத்துப் பேரை நிற்கவைத்து அளந்து, உங்கள் பட்டியலை நீங்களே எழுதுங்கள். எல்லா அளவிலும் சம எண்ணிக்கை போடுவதையும் தவிருங்கள். 40 பீஸை ஐந்து அளவுக்கு எட்டெட்டாகப் பிரித்தவர்களிடம் நடு அளவுகள் முதலில் தீர்ந்துபோய் இரண்டு ஓரத்து அளவுகளும் அலமாரியில் தங்குவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

சாம்பிளை மாஸ்டர் தைப்பது

சாம்பிளை யூனிட்டின் கைதேர்ந்தவர் ஒருவரே முழுதாகத் தைப்பார். அது அழகாகத்தான் இருக்கும். பிறகு 30 பீஸ் வேலைக்கு வரும்போது காலரை ஒருவர், கையை ஒருவர், பட்டியை ஒருவர் என்று பிரித்துத் தைப்பார்கள். கிடைப்பது வேறு உடுப்பாக இருக்கும். எனவே முதல் சாம்பிள் சரியென்று ஆனபின், தைக்கப் போகிறவர்களே தைத்த இரண்டாவது சாம்பிள் ஒன்றைக் கேளுங்கள். அதை ஒரு முறை துவைத்துவிட்டுப் பாருங்கள்; காலருக்குள் வைத்த கேன்வாஸ் சுருங்கினால் அப்போதுதான் காலர் குமிழியிட்டுக் காட்டிக்கொடுக்கும். ஜிப்பும் நூலும் பட்டனும் அதே சாம்பிளில் இருக்கட்டும். ‘பட்டன் பிறகு வாங்கித் தருகிறேன்’ என்றால் காஜா எந்த அளவில் போடுவது?

திருப்தியானதும் அந்த உடுப்பில் ஒரு துணிச்சீட்டைத் தைத்து, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டு யூனிட்டிலேயே மாட்டிவிடுங்கள். எங்கள் சுவரில் அப்படி ஆணியில் தொங்கும் சாம்பிள்கள்தான் வாய்வார்த்தைத் தகராறுகளை நிறுத்தியவை. சாம்பிள் சரியான பிறகு போனில் ‘கழுத்தை மட்டும் அரை அங்குலம் இறக்கிவிடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். கழுத்து இறங்கினால் பட்டி மாறும், பட்டி மாறினால் பட்டன் இடைவெளி மாறும்.

கூலியை மட்டும் பேரம் பேசுவது

ஒரு பேட்டர்ன், அதை எல்லா அளவுகளுக்கும் பிரிப்பது, இரண்டு சாம்பிள் ஆகியவற்றுக்குச் சேர்த்து 4,500 ரூபாய் என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 300 பீஸ் என்றால் ஒன்றுக்கு 15 ரூபாய். 30 பீஸ் என்றால் 150 ரூபாய். இந்த 150-ஐக் கணக்கில் எழுதாமல் விற்பனை விலை வைத்துவிட்டு, கடைசியில் தையல்கூலியில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறார்கள். எனக்கு இதில் கோபமே வரும். புது மாடலின் முதல் ஐந்து பீஸ் தைப்பதற்கு ஆகும் நேரம் இருபதாவது பீஸுக்கு ஆகாது. பெரிய ஆர்டரில் கை பழகிய பிறகு வேகம் கூடி, பீஸ் கூலியில் தையல்காரருக்கு நாள் வருமானம் கட்டுப்படியாகும். 30 பீஸ் வேலையில் கை பழகும்போதே வேலை முடிந்துவிடுகிறது. அங்கே கூலியைக் குறைத்தால் தைக்கும் பெண்ணின் அன்றைய சம்பளம்தான் குறைகிறது. குறைக்க வேண்டுமென்றால் மாடல்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆறு மாடலில் பத்துப் பத்து தைப்பதைவிட, இரண்டு மாடலை மூன்று நிறத் துணியில் தைத்தால் அதே 60 பீஸுக்குப் பேட்டர்ன் செலவு மூன்றில் ஒரு பங்குதான்.

வரியையும் விலை வைக்கும்போதே பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை உள்ள ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 2,600 ரூபாய் என்று விலை எழுதும் முன் ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

காலத்தைப் பார்க்காமல் தேதி கேட்பது

இந்தச் சீமையில் தையல்காரரின் ஆண்டு வேறு மாதிரி ஓடுகிறது. வைகாசியில் பள்ளிச் சீருடை. புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா; மாலை போட்டவர்கள் காளி, குறவன், ராஜா என்று வேடத்துக்குத் துணியோடு வந்து நிற்பார்கள். நேர்ச்சை வேடம் என்பதால் அதைத் தள்ளிப்போட யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அது முடிந்த கையோடு தீபாவளி, பிறகு பாளையங்கோட்டையிலும் சுற்றுக் கிராமங்களிலும் கிறிஸ்துமஸ், அடுத்து பொங்கல். புரட்டாசி நடுவில் வந்து ‘தீபாவளிக்கு 50 பீஸ்’ என்று கேட்டால் ஒப்புக்கொள்கிற யூனிட்டை நம்பாதீர்கள். அவர்கள் வெளியே வேறு யாரிடமோ கொடுத்துத்தான் தைப்பார்கள், உங்கள் சாம்பிள் தொங்கும் சுவர் அங்கே இருக்காது. ஆடியில் கடைகளில் தள்ளுபடிக் கூட்டம் நெரியும், தையல் யூனிட்டில் வேலை குறைவாக இருக்கும். பேட்டர்ன், நனைப்பு, சாம்பிள் எல்லாவற்றையும் அந்த மாதத்தில் முடித்து, ஆவணி பிறந்ததும் வெட்டத் தயாரான துணி எங்கள் மேசைக்கு வந்துவிட்டால் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே பீஸ் உங்கள் கையில் இருக்கும். அந்த நீலக் குர்தாத் தம்பி இந்த ஆண்டு ஆடி இரண்டாம் வாரமே வந்துவிட்டார், கையில் நனைத்துக் காய்ந்த சோதனைத் துண்டோடு.