ஜெர்மனியும் ஜப்பானும் ஏன் நாடு பிடிக்கக் கிளம்பின? வரைபடத்தை வைத்துப் புரிந்துகொள்ளும் முறை

கெட்டிக்காரனை “அவன் பெரிய எம்டன்” என்று சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தில் குண்டு பொழிந்து எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. அந்தக் கப்பல் போருக்குக் கிளம்பியது ஜெர்மனியிலிருந்து அல்ல, சீனாவின் சிங்டாவ் துறைமுகத்திலிருந்து. சீனாவில் ஜெர்மனிக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ஓர் உலக வரைபடமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சிங்டாவைக் குறியுங்கள்

1897-ல், சிங்டாவ் இருக்கும் ஷான்டுங் மாகாணத்தில் இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் கொல்லப்பட்டார்கள். அதைக் காரணம் காட்டி ஜெர்மன் கடற்படை இந்த இடத்தைப் பிடித்தது. மறு ஆண்டு 99 ஆண்டுக் குத்தகை என்று சீனாவிடம் எழுதி வாங்கினார்கள். 1914 நவம்பரில் ஜப்பான் அதை ஜெர்மனியிடமிருந்து பறித்தது. நாம் படிக்கப்போகும் இரண்டு நாடுகளும் இந்த ஒரே புள்ளியில் சந்திக்கின்றன.

படி 2: பக்கத்தில் இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள்: 1868, 1871

முதலாவது ஜப்பானில் பேரரசர் மெய்ஜியின் பெயரில் புதிய ஆட்சி வந்த ஆண்டு, இரண்டாவது ஜெர்மனி ஒரே நாடான ஆண்டு. இவர்கள் பந்திக்கு வருவதற்குள் பிரிட்டனும் பிரான்சும் பாதி இலையைக் காலி செய்திருந்தன. “எங்களுக்கும் வெயிலில் ஓர் இடம் வேண்டும்” என்று 1897-ல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பேசினார் வெளியுறவுச் செயலர் ப்யூலோ.

ஜப்பானின் காயம் வேறு மாதிரி. 1895-ல் சீனாவை வென்று, அதன் வடகிழக்கில் உள்ள லியாவோடுங் தீபகற்பத்தை வாங்கியது. ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து மிரட்டித் திருப்பிக் கொடுக்க வைத்தன. 3 ஆண்டு கழித்து ரஷ்யா அதன் தென்முனையைத் தானே குத்தகைக்கு எடுத்துக்கொண்டது! 1919-ல் பாரிஸ் மாநாட்டில் இனச் சமத்துவத்துக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னது ஜப்பான். பெரும்பான்மை ஆதரித்தும் அது ஏற்கப்படவில்லை. அதே ஜப்பான் கொரியாவை 1910-லேயே விழுங்கியிருந்தது என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: பசியைத் தேடுங்கள்

பாடப்புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. முதல் உலகப் போரில் பிரிட்டன் கடல்வழியை அடைத்தது. 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்குகூடக் கிடைக்காமல், ஜெர்மானியர்கள் மாட்டுத் தீவனமான டர்னிப்பைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ‘சொந்த வயல் இல்லாத நாடு அடிமை’ என்ற பயம் அப்போது ஆழமாக விழுந்தது. கிழக்கே உக்ரைனின் கோதுமை நிலத்தின் மேல் ஹிட்லர் கண் வைத்ததற்கு, இனவெறியோடு இந்தப் பயமும் காரணம்.

ஜப்பானிய விவசாயிகள் பட்டுப்புழுவை நம்பியிருந்தார்கள், பட்டு அமெரிக்காவை நம்பியிருந்தது. 1929-ல் அமெரிக்கச் சந்தை சரிந்ததும் விலை விழுந்தது. வடகிழக்குக் கிராமங்களில் மகள்களை விற்ற குடும்பங்கள் உண்டு. படையில் சிப்பாய்களாக நின்றவர்கள் அந்தப் பெண்களின் அண்ணன் தம்பிகள்.

படி 4: யார் தடுத்திருக்க முடியும் என்று கேளுங்கள்

என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான படி. பசியும் அவமானமும் பல நாடுகளுக்கு இருந்தன. இங்கே கடிவாளம் அறுந்திருந்தது.

1931 செப்டம்பர் 18 அன்று சீனாவின் வடகிழக்கான மஞ்சூரியாவில், முக்டென் நகருக்கு அருகே ஜப்பானிய அதிகாரிகளே தங்கள் ரயில் பாதையில் வெடி வைத்துவிட்டு, பழியைச் சீனர்கள் மேல் போட்டார்கள். சேதம் அவ்வளவு சிறியது, சிறிது நேரத்தில் ஒரு ரயில் அதன் மேலேயே ஓடிப் போனது. டோக்கியோ அமைச்சரவை சண்டையை வளர்க்க விரும்பவில்லை. ஆனால் அரசியல் சட்டப்படி படை பேரரசருக்குக் கட்டுப்பட்டது, பிரதமருக்கு அல்ல. சில மாதங்களில் மஞ்சூரியா முழுவதும் போயிற்று. 1932 மே மாதம் பிரதமர் இனுகாய் அவரது வீட்டிலேயே கடற்படை இளைஞர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜெர்மனியில் நடந்தது இதற்குத் தலைகீழ். 1933-க்குப் பிறகு எல்லாக் கடிவாளமும் ஒரே ஆளின், ஹிட்லரின், கையில்; அவரைத் தடுக்க யாருமில்லை. அதனால் ‘இரண்டும் ஒரே கதை’ என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

படி 5: சொன்ன காரணத்தைச் சோதியுங்கள்

‘ஜனத்தொகை அதிகம், நிலம் போதவில்லை’ என்று இரு நாடுகளும் சொல்லின. சரி, பிடித்த நிலத்துக்கு மக்கள் போனார்களா? ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறியது அமெரிக்காவில், ஆப்பிரிக்கக் காலனிகளில் அல்ல. மஞ்சூரியாவுக்கு 20 ஆண்டுகளில் 10 லட்சம் குடும்பங்களை அனுப்ப 1936-ல் ஜப்பான் திட்டமிட்டது. போர் முடியும்வரை போனவர்கள் சுமார் 2,70,000 பேர்தான். ஆக, பற்றாக்குறை உண்மை. படையெடுப்புதான் அதற்கு வழி என்பது அவர்களாக எடுத்த முடிவு.

படி 6: டோக்கியோவிலிருந்து சுமத்ராவுக்குக் கோடு போடுங்கள்

ஜப்பானின் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. தெற்கு இந்தோசீனாவுக்குள் (இன்றைய வியட்நாம் பகுதி) ஜப்பானியப் படை நுழைந்ததும், 1941 கோடையில் அது நின்றது. அடுத்த எண்ணெய் சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருந்தது. வழியில் இருந்த மலாயாவும் சிங்கப்பூரும் 1942 பிப்ரவரிக்குள் விழுந்தன. அப்புறம், ரப்பர்த் தோட்டங்களில் மரம் சீவிக்கொண்டிருந்த பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். அந்தப் பாதையையும் பென்சிலால் குறியுங்கள். தண்டவாளம் நெடுகப் புதைந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறைகூட இல்லை.