சந்தகை பிழியும்போது கை வலிக்கிறதா?

கோவைப் பக்கத்து வீடுகளில் விருந்தாளி வந்தால் காலையில் சந்தகைதான். வேகவைத்த அரிசி மாவை அச்சில் நூல் நூலாகப் பிழிந்தெடுக்கும் பலகாரம் அது. எங்கள் வீட்டில் மாவு அரைப்பது அம்மாயி (அம்மாவின் அம்மா), அச்சைப் பிழிவது அப்புச்சி (அம்மாவின் அப்பா). மூன்று கால் இரும்பு அச்சின் கைப்பிடியை அவர் சுற்றச் சுற்ற, கீழே தட்டைத் திருப்பிக்கொண்டே பிடிப்பது என் வேலை. நூல் விழுகிற சூட்டில் விரல் பொரியும், ஆனாலும் தட்டை விடமாட்டேன்.

தனியாகச் செய்த முதல் நாள், எல்லா மாவையும் வேகவைத்து எடுத்து வைத்துவிட்டுச் சாவகாசமாகப் பிழிய உட்கார்ந்தேன். மூன்றாவது ஈட்டுக்குக் கைப்பிடி அசையவே இல்லை. ஆறினால் மாவு இறுகிவிடும், அவ்வளவுதான் விஷயம்.

அதனால் இட்லி அரிசியை 4 மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு மைய அரைத்து, புளிக்க விடாமல் உடனே இட்லித் தட்டில் ஊற்றுங்கள். 10, 12 நிமிடத்தில் வெந்துவிடும். ஒரு தட்டை மட்டும் எடுத்துச் சுடச்சுடப் பிழியுங்கள். மற்றவை மூடிய பானையிலேயே, சிறு தீயில் இருக்கட்டும். அச்சின் உள்ளே கொஞ்சம் நல்லெண்ணெய் தடவினால் ஒட்டாது.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பால் என்றால், வெல்லப்பாகு ஆறிய பிறகே பாலில் கலக்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் திரிந்துவிடும். மிச்சமானதை உதிர்த்து, கடுகு, வரமிளகாய் தாளித்து எலுமிச்சை பிழிந்தால் மதியத்துக்கும் ஆயிற்று. எனக்கென்னவோ அதுதான் பிடிக்கும்.