பினியன் சீல் மாற்றிய பிறகு டிஃபரென்ஷியலில் நான் பார்ப்பவை

டிஃபரென்ஷியல் என்பது எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் கியர் பெட்டி; அதற்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் பல்தண்டு பினியன், அது நுழையும் வாயில் ஆயிலைத் தடுப்பது சீல். புது சீல் போட்டும் ஆயில் கசிந்தால், சீலைத் திட்டுவதற்கு முன் பிரீதரைக் (உள்காற்று வெளியேறும் சிறு வழி) கழற்றிப் பாருங்கள். மழைக்காலத்தில் சென்னையில் வியாசர்பாடி, கணேசபுரம் பக்கம் தேங்கிய தண்ணீரில் ஓடும் வண்டிகளில் அதில் சேறு அடைத்துக்கொள்ளும். ஓடி சூடேறியதும் உள்ளே அழுத்தம் கூடி, சீல் உதட்டைத் தாண்டி ஆயில் வரும். ஆயில் டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்தாயிற்று. ஆயிலை முழுக்க வடித்துவிட வேண்டியதுதான்.

பிளாஞ்சில் (பினியன் முனையில் நட்டால் இறுக்கும் இணைப்புத் தட்டு) சீல் உரசும் இடத்தில் நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் எந்த சீலும் நிற்காது.

கழற்றும் முன் வைத்த குறிக்கே பினியன் நட்டைக் கொண்டுவாருங்கள். கிரஷ் ஸ்லீவ் (இறுக்கும்போது நசுங்கி பேரிங் இறுக்கத்தை நிர்ணயிக்கும் குழல்) உள்ள வண்டியில் கூடுதலாக இறுக்கினால் பேரிங் ஊளையிடும், பிறகு தளர்த்தியும் பயனில்லை. சமதரையில் நிறுத்தி, ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில். பெரும்பாலும் ஜிஎல்-5 தரம், 80டபிள்யூ-90 தடிமன் கொண்ட கியர் ஆயில். 10 கிலோமீட்டர் ஓட்டியபின் பினியன் முனை மட்டும் தனியாகக் கொதித்தால் இறுக்கம் அதிகம்.