பல்லில் கிளிப், ஜியாமெட்ரி பாக்ஸில் ரப்பர்

ஏப்ரல், மே விடுமுறையில் கிளிப் போட்டுக்கொண்ட பிள்ளைகள், ஜூனில் பள்ளி திறந்து மூன்று வாரம் கழித்து என் நாற்காலியில் வந்து உட்காரும்போது, வீட்டில் இருந்தவரை ஒழுங்காக இருந்ததெல்லாம் குலைந்துபோயிருக்கும். ஒரு பிராக்கெட் (கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் சின்னத் துண்டு) கழன்றிருக்கும், இல்லையென்றால் கன்னத்தின் உள்பக்கம் கம்பி குத்திப் புண்ணாகியிருக்கும். அடையாறில் பல் சீரமைப்பு மருத்துவராக வருடாவருடம் இதைத்தான் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எட்டாம் வகுப்பில் கிளிப் போட்டுக்கொண்ட நானே எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும், ஏனென்றால் இவர்கள் செய்யும் ஒவ்வொன்றையும் நானும் செய்திருக்கிறேன்.

சூயிங்கம் கூடாது, இரண்டு வேளை பல் தேய்க்க வேண்டும், ஐஸ் கட்டியைக் கடிக்கக் கூடாது என்பதெல்லாம் கிளிப் போட்ட அன்றே எல்லா டாக்டரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். காலை எட்டரையிலிருந்து மாலை நான்கு வரை, அம்மாவும் டாக்டரும் பார்க்காத நேரத்தில் நடப்பது மட்டும் இங்கே.

டிபன் பாக்ஸ்

தயிர் சாதம், இட்லி, சாம்பார் சாதம் எதுவும் பிரச்சினை இல்லை. தட்டை, முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், இவைதான் பிராக்கெட்டைப் பெயர்த்தெடுக்கும், அதுவும் பெரும்பாலும் பக்கத்து பெஞ்சிலிருந்து வரும். கொய்யா, ஆப்பிள் என்றால் வீட்டிலேயே சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கொண்டுபோய்க் கடைவாயில் போட்டு மெல்லுங்கள், முன்பல்லால் கடித்து இழுக்கும்போதுதான் பிராக்கெட் கையோடு வரும். சாப்பிட்டு முடித்ததும் குழாயடியில் நான்கைந்து தடவை, தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிக் கொப்பளிக்க வேண்டும்.

அப்புறம் மஞ்சள். பிராக்கெட்டைச் சுற்றிப் போடும் சின்ன வளையத்தைக் கண்ணாடி நிறத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டே நாளில் சாம்பார் பட்டு மஞ்சளாகிவிட்டது என்று அழுதுகொண்டு வருகிறார்கள். பல் கெடவில்லை, வளையம்தான் சாயம் ஏறியிருக்கிறது. நீலம், கரும்பச்சை என்று அடர்ந்த நிறமாகக் கேளுங்கள்.

பாட்டிலில் ஜூஸ்

இது கிளிப்பைக் கழற்றும் அன்றுதான் தெரியவரும். ரஸ்னாவோ டப்பா ஜூஸோ பாட்டிலில் ஊற்றிக்கொண்டு பீரியடுக்கு ஒரு வாய் குடித்தால், நாள் முழுக்கப் பல் அமிலத்தில் ஊறுகிறது. இரண்டு வருடம் கழித்துப் பிராக்கெட்டை எடுத்தால் அது இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அது சுலபத்தில் போகாது. பாட்டிலில் தண்ணீர் மட்டும்.

பள்ளி வாசல் மாங்காய்

மெல்லிசாகச் சீவித் தரச் சொல்லுங்கள். பத்தையாக வேண்டாம்.

ரப்பர்

மற்ற தவறுகளையெல்லாம் சிரித்த முகத்தோடு சரிசெய்து அனுப்பிவிடுவேன், இதற்கு மட்டும் இத்தனை வருடம் ஆகியும் எரிச்சல் வருகிறது. மேல் கோரைப்பல்லில் இருக்கும் கொக்கியிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல் வரை மாட்டச் சொல்லும் குட்டி ரப்பர் வளையத்தைத்தான் சொல்கிறேன். கிளிப் போட்ட அன்றே பெரும்பாலும் இதைத் தருவதில்லை, பற்கள் ஓரளவு வரிசைக்கு வந்து கனமான கம்பி மாட்டிய பிறகுதான் வரும், அதற்குள் பல மாதம் ஓடி, பிள்ளைக்குக் கிளிப்பே அலுத்துப்போயிருக்கும். பல பாக்கெட்டுகளில் நரி, முயல், கங்காரு என்று ஏதாவது ஒரு விலங்கு இருக்கும். ரப்பரின் அளவையும் இழுவிசையையும் அடையாளம் காண அது. விலங்கு வேறு என்றால் ரப்பரும் வேறு, அதனால் தோழியின் பாக்கெட்டிலிருந்து கடன் வாங்கக் கூடாது.

பல்லை வரிசைக்குக் கொண்டுவருவது கம்பி. மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்திக் கடிக்க வைப்பது இந்த ரப்பர். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-இல், முதல் கடைவாய்ப்பற்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பதை வைத்துக் கடியை மூன்று வகையாகப் பிரித்தார். மேல்வரிசை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது அதில் இரண்டாவது வகை, ஃபைலில் 'கிளாஸ் டூ எலாஸ்டிக்' என்று நாங்கள் எழுதுவது அதற்குத்தான்.

பல் நகர வேண்டுமென்றால் ஒரு பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புது எலும்பு வளர வேண்டும். அதற்கு மெல்லிய இழுவிசை விடாமல் இருந்தாக வேண்டும், எல்லாம் சரியாக நடந்தாலே மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். அதனால்தான் ஒரு நாளில் 20 மணி நேரத்துக்கு மேல் போடு, சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டும் கழற்று என்று படித்துப் படித்துச் சொல்கிறோம். காலை ஏழரைக்குக் கழற்றி மாலை ஐந்துக்கு மாட்டினால் ஒன்பதரை மணி நேரம் போச்சு, ட்யூஷனும் இருந்தால் பன்னிரண்டு. இரவு கொஞ்சம் இழுபட்ட பல் பகலில் பழைய இடத்தைத் தேடிப் போகிறது.

போன மாதம் ஒரு பையன் வந்தான், ஒன்பதாம் வகுப்பு. மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தேன், 6 மில்லிமீட்டர். அதற்கு முந்தின மாதமும் 6.

"ரப்பர் போடறியாப்பா?"

"போடறேன் டாக்டர்."

"ஸ்கூல்ல?"

அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பாக்கெட்டை எடுக்கச் சொன்னேன். நூறு ரப்பர் உள்ள பாக்கெட், பக்கத்துக்கு ஒன்றாக நாளைக்கு இரண்டு தடவை மாற்றினால் 25 நாளில் தீர்ந்திருக்க வேண்டும். பையின் அடியில் கசங்கி, வாய் கிழிந்து, ஏறக்குறைய முழுசாக இருந்தது.

அவனைத் திட்ட முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் செய்யுள் வாசிக்க எழுந்து நின்றபோது என் ரப்பர் அறுந்து முன் பெஞ்சுப் பெண்ணின் ஜடையில் போய் விழுந்தது. வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து பஸ் ஏறியதும் கழற்றி ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுவிடுவேன், மாலையில் தெருமுனையில் இறங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போவேன். செக்கப்புக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் இரண்டிரண்டாக மாட்டுவேன். 18 மாதத்தில் முடியும் என்று சொன்ன சிகிச்சை 31 மாதம் இழுத்தது. அப்பா ஒவ்வொரு மாதமும் ஆபீசில் அரைநாள் லீவு போட்டு, வில்லிவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிக் கூட்டிக்கொண்டு போனார். "எலும்பு கெட்டியா இருக்கும்போல, அதான் மெதுவா நகருது" என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்து அம்மாவிடம் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். உண்மையை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. கூடுதலாக 13 அரைநாள். அந்தக் கணக்கு இன்னும் உறுத்துகிறது.

இரண்டிரண்டாக மாட்டினால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்பது தப்புக் கணக்கு. விசை கூடினால் வலிதான் கூடும், பல் ஆடும், வேரின் நுனி கரையவும் வாய்ப்பிருக்கிறது. வலிக்கிறதென்று ஒரு பக்கம் மட்டும் போடுவதும் அப்படித்தான், மேல் கீழ் வரிசைகளின் நடுக்கோடு ஒரு பக்கமாக விலகிவிடும், பிறகு அதைத் திருப்ப இன்னும் சில மாதம் வேண்டும். கழற்றி வைத்த ரப்பரையே சாப்பிட்ட பிறகு மறுபடி மாட்டுவது இன்னொன்று. வாய்க்குள் சில மணி நேரம் இருந்தாலே ரப்பர் தளர்ந்துவிடும். புதுசு போடுங்கள்.

பள்ளியில் என்ன செய்யலாம்? முதலில் வீட்டில் ஒரு வாரம் கண்ணாடி பார்க்காமல் மாட்டிப் பழகுங்கள், விரலே கொக்கியைத் தேடிக் கண்டுபிடித்துவிடும், அப்புறம் கைகழுவும் இடத்தில் நின்று அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ரப்பரோடு தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் ழ, ள தடுமாறும், பிறகு சரியாகிவிடும். பத்துப் பத்து ரப்பராகப் பிரித்துப் பையில், பென்சில் பாக்ஸில், ஸ்கூல் வேனில் கூட வரும் தோழியிடம் என்று வைத்துவிட்டால் 'தீர்ந்துபோச்சு' என்ற சாக்குக்கு இடமில்லை. தெரியாமல் விழுங்கினாலும் பயமில்லை, தானாக வெளியேறிவிடும். உதடு வீங்கினாலோ அரித்தாலோ ரப்பரில் இருக்கும் லேடெக்ஸ் (ரப்பர் மரப்பால்) ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள், லேடெக்ஸ் இல்லாத ரப்பரும் இருக்கிறது. பெற்றோர் டைரியில் வகுப்பு ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால் நிற்க வைக்க மாட்டார்கள்.

அந்தப் பையன் நேற்று வந்தான். 5 மில்லிமீட்டர். பாக்கெட் காலி.

கம்பி குத்தினால்

வேக்ஸ், அதாவது கம்பியின் மேல் ஒட்டும் மெழுகு. குத்தும் இடத்தைக் கைக்குட்டையால் துடைத்து ஈரம் போக்கிவிட்டு, பட்டாணியில் பாதி அளவு உருட்டி அழுத்தினால்தான் ஒட்டும். கிராஃப்ட் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். காம்பஸ் முனையால் கம்பியை உள்ளே தள்ளப் பார்த்து ஈறைக் கிழித்துக்கொண்டு வந்த பெண்ணுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன்.

கழன்ற பிராக்கெட்

அன்றைக்கே போன் செய்யுங்கள். மாதாந்திர தேதிவரை மறைத்து வைத்தால் அந்தப் பல் தன் போக்கில் திரும்பிக்கொள்ளும்.

பி.டி. பீரியட்

கிரிக்கெட், கூடைப்பந்து ஆடுகிறவர்கள் கிளிப்புக்கென்றே வரும் மவுத் கார்டு (பல்லுக்கு அடிபடாமல் காக்கும் உறை) வாங்குங்கள். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கும் சாதாரண வகை கிளிப்பில் மாட்டிக்கொள்ளும்.

ரிடெய்னர்

கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் நகராமலிருக்கப் போடுவது இது. சாப்பிடக் கழற்றும்போது டிஷ்யூவில் சுற்றாதீர்கள், குப்பையோடு போய்விடும். டப்பா.

கம்பி மாற்றும் நாள்

திங்கள், செவ்வாய் மாலை வந்து கம்பியை மாற்றிக்கொண்டு, மறுநாள் டெஸ்டில் பல் வலியோடு உட்காருகிறார்கள். வலி முதல் ஒரு நாளில்தான் உச்சத்தில் இருக்கும், மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். வெள்ளிக்கிழமை மாலை வந்தால் சனி, ஞாயிறு ரசம் சாதத்தோடு போய்விடும். அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வு அட்டவணை வந்ததும் கிளினிக்குக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், அந்த வாரம் கம்பியில் கை வைக்காமல் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம். ரப்பரை மட்டும் தேர்வு ஹாலிலும் கழற்ற வேண்டாம்.